கோலியாட் கோட்டை: கடல் இல்லாத ஊரில் 'வளைகுடா' என்று ஒரு கோட்டை

#1 ஹூஸ்டன்வாசி

போன மாதம் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. சான் அன்டோனியோ நகரத்து அலமோ கோட்டையை ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்தாயிற்று, கூட்டமும் தாங்காது. சரி, இந்தத் தடவை தென் டெக்சாஸில் இருக்கும் கோலியாட் போவோம் என்று கிளம்பினோம். 59-ஆம் நெடுஞ்சாலையில் விக்டோரியா வழியாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஊரைத் தாண்டி, சான் அன்டோனியோ ஆற்றுப் பாலத்தையும் தாண்டினால் மேட்டின் மேல் ஒரு நீண்ட கல் மதில். மூலைகளில் கொத்தளங்கள், அதில் பீரங்கிகள். ஒரு மூலையில் மதிலோடு மதிலாக ஒரு மாதா கோயில். பிரசிடியோ லா பாஹியா என்பார்கள். முழுப் பெயரில் லொரேட்டோ மாதாவும் உண்டு.

'லா பாஹியா' என்றால் வளைகுடா. கொத்தளத்தில் ஏறி நின்று பார்த்த என் மகள், "அப்பா, கடல் எங்கே?" என்றாள். சுற்றிலும் புல்வெளி, முட்புதர், நான்கைந்து மாடுகள். கடல் வெகு தூரத்தில் இருக்கிறது.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, இந்தப் பெயர். இரண்டாவது, அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் 1836 படுகொலைப் பேச்சுதான். ஆனால் கோட்டை அதற்கு நூறு வருஷம் முந்தியது. அந்த நூறு வருஷம் இது யாரிடமிருந்து யாரைக் காத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பழங்கணக்கு

பெயர்க் கதையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து தொடங்க வேண்டும். 1685-ல் லா சால் மிசிசிப்பி முகத்துவாரத்தைத் தேடி வந்து, வழி தவறி, டெக்சாஸ் கரையில் மாடகோர்டா வளைகுடாவில் இறங்கினார். கார்சிட்டாஸ் ஓடைக் கரையில் ஒரு சிறு குடியேற்றம் போட்டார். எல்லாமே கோணலாகப் போனது. 'லா பெல்' என்ற கப்பல் 1686-ல் மூழ்கியது. 1687-ல் லா சாலை அவருடைய ஆட்களே சுட்டுக் கொன்றார்கள். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோரைக் கடற்கரைப் பழங்குடிகளான கரன்காவா மக்கள் கொன்றார்கள்; சில குழந்தைகளை மட்டும் தங்களோடு வைத்துக்கொண்டார்கள்.

டெக்சாஸைத் தன்னுடையது என்று நினைத்த ஸ்பெயினுக்கு இந்தச் செய்தி எட்டியதும் பயம் பிடித்தது. வருஷக்கணக்கில் தேடி, 1689 ஏப்ரலில் அலோன்சோ தே லியோன் இடிபாடுகளைக் கண்டுபிடித்தார். அங்கே கிடந்த எட்டு இரும்புப் பீரங்கிகளை அங்கேயே புதைத்துவிட்டுப் போனார். 1996-ல் ஒரு பண்ணை நிலத்தில் அந்த எட்டும் அப்படியே கிடைத்தன.

பிறகு 1721-ல் அகுவாயோ பிரபு பெரும்படையோடு டெக்சாஸுக்கு வந்தபோது, பிரெஞ்சுக்காரன் குடிசை போட்ட அதே இடத்தின் மேல் ஒரு ஸ்பானிஷ் கோட்டை எழுப்ப ஏற்பாடு செய்தார். காவலுக்கு 90 சிப்பாய்கள். பக்கத்திலேயே 1722-ல் எஸ்பிரித்து சாந்தோ மிஷன், அதாவது பழங்குடிகளை மதம் மாற்றிக் குடியமர்த்தத் துறவிகள் நடத்திய இடம். வளைகுடாக் கரையில் இருந்ததால் லா பாஹியா. கோட்டை நகர்ந்தது, பெயரும் கூடவே நகர்ந்தது.

#3 சும்மாதான்

கோட்டை நகர்ந்ததா? வாடகை வீட்டுக்காரர் மாதிரி மூட்டை கட்டிக்கொண்டா?

#4 பழங்கணக்கு

சிரிக்காதீர்கள், அப்படித்தான். இரண்டு தடவை மாற்றினார்கள். 1726-ல் குவாடலூப்பே ஆற்றங்கரைக்கு. 1749-ல் இப்போது இருக்கும் சான் அன்டோனியோ ஆற்றங்கரைக்கு. ஒவ்வொரு தடவையும் மிஷனும் கோட்டையும் ஒன்றாகவே நகர்ந்தன.

முதல் மாற்றத்துக்கு ஒரு காரணம் உணவுப் பற்றாக்குறை. இன்னொரு காரணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1723-ல் ஒரு கரன்காவா ஆள் ஒரு சிப்பாயின் குடிசைக்குள் வருகிறான். அங்கே அப்போதுதான் மாடு அறுத்திருக்கிறார்கள். அவனும் ஒரு துண்டு கேட்டு நிற்கிறான். சிப்பாயின் மனைவி அம்மி மாதிரியான கல்லில் மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் தன் போர்வையை உதறுகிறான், தூசியெல்லாம் மாவில் விழுகிறது. அவள் சத்தம் போடுகிறாள், கைகலப்பாகிறது, அது சண்டையாகிறது. கேப்டன் தொமிங்கோ ரமோன் சிலரைப் பிடித்து ஒரு குடிசையில் அடைக்கப் போக, அவர்களில் ஒருவன் கத்தரிக்கோலால் அவர் நெஞ்சில் குத்திவிட்டான். அந்தக் காயத்திலேயே டிசம்பர் 23 அன்று செத்துப்போனார். அடுத்துப் பொறுப்பேற்ற அவர் மகன் தியேகோவும் நிலைமையைச் சரிசெய்யவில்லை. ஆளுநர் அவரை நீக்க வேண்டியதாயிற்று.

கரன்காவா மக்கள் மிஷனை விட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ஆள் இல்லாத மிஷனுக்குக் காவல் எதற்கு? அதனால்தான் 1726-ல் உள்நாட்டில் அரனாமா, தமிக்கே என்ற வேறு மக்களைத் தேடிப் போனார்கள். சுருக்கமாகச் சொன்னால், மாவில் தூசி விழுந்த சண்டையும் சேர்ந்துதான் கோட்டையைக் கடற்கரையிலிருந்து கிளப்பியது.

#5 தட்டான்பூச்சி

ஹூஸ்டன்வாசி அண்ணா கேட்ட இரண்டாவது கேள்விதான் முக்கியம். இன்றைய ஸ்பானிஷ் அகராதியில் 'பிரசிடியோ' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், சிறைச்சாலை என்றும் ஒரு பொருள் இருக்கும். லத்தீனில் காவல்படை என்றுதான் தொடக்கம். எல்லைக் கோட்டைகளுக்குக் கைதிகளை அனுப்பி அனுப்பிச் சொல்லுக்கே சிறை என்ற பொருள் ஏறிவிட்டது.

மிஷனில் ஞானஸ்நானம் வாங்கிய பிறகு ஒருவர் நினைத்தபோது வெளியேற முடியாது. மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் வயல். ஓடிப்போனால் கோட்டைச் சிப்பாய் போய்ப் பிடித்துக்கொண்டு வருவார். ஆக, வெளியே இருக்கும் எதிரியைத் தடுப்பது பாதி வேலை, உள்ளே இருப்பவரை வெளியே விடாமல் வைப்பது மீதி வேலை. மாதா கோயிலும் பீரங்கியும் ஒரே மதிலுக்குள் இருப்பதைப் பார்த்தீர்களே, அதுவே போதாதா?

#6 கரிசல்காடு

தட்டான்பூச்சி சொல்வதில் பாதி சரி. மீதியில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் பார்த்த அந்த மாதா கோயில் மிஷன் இல்லை. அது சிப்பாய்களும் அவர்கள் குடும்பமும் கோட்டையைச் சுற்றிக் குடியிருந்தவர்களும் கும்பிட்ட கோயில். பழங்குடிகளுக்கான மிஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வடகரையில் இருந்தது. இது தற்செயல் இல்லை. பிரான்சிஸ்கன் துறவிகளுக்குச் சிப்பாய் வேண்டும், ஆனால் பக்கத்தில் வேண்டாம். சிப்பாய் சூதாடுவான், குடிப்பான், மிஷன் பெண்களிடம் வம்பு பண்ணுவான் என்று அவர்கள் எழுதாத புகார் இல்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும், கூப்பிடாமல் வரக் கூடாது. அதுதான் அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு சான் சாபா இருக்கிறது. 1757-ல் அப்பாச்சிகளுக்காக அங்கே ஒரு மிஷன் வைத்தார்கள். கோட்டையை ஆற்றுக்கு மறுபக்கம், ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி வைக்கச் சொன்னதே துறவிகள்தான். 1758 மார்ச் 16 அன்று கோமான்சிகளும் அவர்களோடு சேர்ந்த வேறு பழங்குடிகளும் சுமார் 2,000 பேர் வந்து மிஷனைக் கொளுத்தினார்கள். தலைமைத் துறவி தெரரோஸ் கொல்லப்பட்டார். கோட்டையால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை. அப்பாச்சிகளோ அங்கே குடியேறவே இல்லை, அது தனிச் சோகம்.

இரண்டாவது விஷயம். கரன்காவா மக்களை வெறுமனே அடைபட்டவர்களாகப் பார்க்காதீர்கள். அவர்களுக்கு ஒரு வருஷச் சுழற்சி இருந்தது. இலையுதிர் காலமும் குளிர்காலமும் கடலோரம்: மீன், சிப்பி. வசந்தத்திலும் கோடையிலும் உள்ளே வந்து ஆற்றங்கரைகளில் வேட்டை. 1754-ல் அவர்களுக்காக கோலியாட் பக்கத்திலேயே ரொசாரியோ என்று இன்னொரு மிஷன் திறந்தார்கள். சோறு கிடைக்கும் காலத்தில் வந்தார்கள், மீன் கிடைக்கும் காலத்தில் போனார்கள். துறவிகள் அதை 'ஓடிப்போனார்கள்' என்று எழுதிவைத்தார்கள். அவர்களைக் கேட்டால், "எங்கள் வழக்கமான பாதையில் நடுவே நீங்கள் ஒரு சத்திரம் கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்" என்று சொல்லியிருப்பார்கள்.

#7 தட்டான்பூச்சி

சத்திரத்துக்கு வருகிறவனைக் குதிரையில் போய்ப் பிடித்து வர மாட்டார்கள், கரிசல்காடு ஐயா.

#8 கரிசல்காடு

:) அது சரி. அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பிடித்து வரவும் ஆள் வேண்டுமே. 90 சிப்பாய் என்று பழங்கணக்கு சார் சொன்னார் இல்லையா, 1727-ல் ரிவெரா என்ற அதிகாரி ஆய்வுக்கு வந்து, இத்தனை பேர் எதற்கு என்று எழுதி, 1729-ல் அதை 40 ஆக்கிவிட்டார்கள். அந்தக் கடற்கரை முழுவதற்கும் 40 பேர்! குதிரைகளைக் காக்கப் பத்துப் பேர், தபால் கொண்டுபோகச் சிலர், சரக்கு வண்டிக்குத் துணை சிலர் என்று பிரித்தால் கோட்டைக்குள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

#9 ஹூஸ்டன்வாசி

அருமையாகப் போகிறது. சிப்பாய்களைப் பற்றிச் சொல்லுங்களேன். தோல் சட்டை போட்ட ஒரு சிப்பாய் படத்தை என் மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

#10 பழங்கணக்கு

அந்தத் தோல் சட்டைக்கு 'குவேரா' என்று பெயர். ஆறேழு அடுக்குத் தோலைச் சேர்த்துத் தைத்தது. சுமார் 8 கிலோ கனம். அம்பு ஏறாது. ஆகஸ்ட் மாதத்துத் தென் டெக்சாஸ் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு குதிரையில் போவதை நினைத்தால் அம்பே தேவலாம் போலிருக்கிறது. அதோடு ஈட்டி, கேடயம், குட்டைத் துப்பாக்கி. 1772-ல் வந்த புது ஒழுங்குமுறைப்படி ஒவ்வொருவனும் ஆறு குதிரை, ஒரு குதிரைக்குட்டி, ஒரு கோவேறு கழுதை வைத்திருக்க வேண்டும். சம்பளம் வருஷத்துக்கு 290 பெசோ.

சம்பளம் என்றால் கையில் காசு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய காலத்தில் அரசு கொடுத்த பணத்தை வாங்கிச் சரக்காக்கி விற்றது கேப்டன்தான். சோளம், துணி, சோப்பு எல்லாம் அவர் கடையில் அவர் சொன்ன விலை. 1767-ல் ரூபி பிரபு எல்லைக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இன்றைய லூயிசியானா எல்லையில் இருந்த லோஸ் அதாயெஸ் கோட்டையில் 61 சிப்பாய்களுக்கு உருப்படியான துப்பாக்கி இரண்டே இரண்டு. ஆளுநர் தன் சிப்பாய்களுக்கே கிட்டத்தட்ட ஆயிரம் சதவீத லாபத்தில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஆய்வுக்குப் பிறகுதான் கணக்கு பார்க்கத் தனி அலுவலர் வைக்கச் சட்டம் வந்தது. லோஸ் அதாயெஸ், சான் சாபா இரண்டையும் மூடினார்கள். டெக்சாஸில் மிஞ்சியவை சான் அன்டோனியோவும் லா பாஹியாவும்தான்.

ரூபியோடு வந்த உருத்தியா என்ற படம் வரைபவர் லா பாஹியாவின் வரைபடத்தையும் வரைந்துவைத்தார். இன்றைக்கும் ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம்.

#11 கரிசல்காடு

மாடுகளை விட்டுவிட்டீர்களே! இந்த இடத்தின் உண்மையான கதை மாடுதான் என்பேன். எஸ்பிரித்து சாந்தோ மிஷன் டெக்சாஸின் முதல் பெரிய மாட்டுப் பண்ணைகளில் ஒன்று. உச்சத்தில் 40,000 தலை இருந்ததாகச் சொல்வார்கள். குதிரையில் ஏறி மாடு மேய்த்தவர்கள், சூடு போட்டவர்கள், கயிறு வீசியவர்கள் எல்லாம் அரனாமா ஆட்கள். தொப்பியும் பூட்ஸும் போட்ட 'கௌபாய்' உருவம் சினிமாவுக்கு வருவதற்கு ரொம்ப முந்தியே அந்த வேலையை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

1778-ல் வடக்கு மாகாணங்களின் தலைமைத் தளபதி தியோதோரோ தே குருவா ஒரு உத்தரவு போட்டார்: சூடு போடாத மாடு எல்லாம் அரசருடையது, பிடித்தால் வரி கட்ட வேண்டும். மிஷன் மந்தையில் பாதிக்கு மேல் திறந்தவெளியில் சூடு இல்லாமல் திரிந்த மாடுகள். ஆட்கள் குறைந்துபோன மிஷனால் அத்தனையையும் வளைத்துச் சூடு போட முடியுமா? ஒரே காகிதத்தில் சொத்து போய்விட்டது. மிஷன் நலிந்ததற்கு அப்பாச்சித் தாக்குதலையும் நோயையும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இந்த உத்தரவும் சேர்ந்துதான் கழுத்தை நெரித்தது.

மறு வருஷமே அந்த மாடுகளுக்கு வேறு தேவை வந்தது. லூயிசியானா ஆளுநர் பெர்னார்தோ தே கால்வெஸ் ஆங்கிலேயரோடு போருக்குத் தயாராகி, படைக்கு இறைச்சி வேண்டும் என்று டெக்சாஸுக்கு ஆள் அனுப்பினார். 1779-லிருந்து 1782 வரை சான் அன்டோனியோவுக்கும் லா பாஹியாவுக்கும் இடைப்பட்ட பண்ணைகளிலிருந்து சுமார் 10,000 மாடுகள் கிழக்கே நடந்தே போயின. அமெரிக்கச் சுதந்திரப் போரில் பங்கெடுத்த கோட்டை என்று லா பாஹியா பெருமை பேசுவது இதை வைத்துத்தான். ஒரு குண்டுகூடச் சுடாமல், மாட்டை ஓட்டிவிட்டே!

#12 சும்மாதான்

அப்போ 1836 கதையை யாரும் சொல்லப் போவதில்லையா? அதற்குத்தானே எல்லோரும் அங்கே போகிறார்கள்.

#13 பழங்கணக்கு

சொல்லிவிடலாம், சுருக்கமாக. 1812-ல் ஸ்பெயினை எதிர்த்த குட்டியெரஸ்–மகீ படை கோட்டையைப் பிடித்தது. ஆளுநர் சல்செதோ மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை போட்டும் மீட்க முடியவில்லை. 1821-ல் ஜேம்ஸ் லாங் என்பவர் வந்து கொஞ்ச நாள் பிடித்து வைத்திருந்தார். அதே வருஷம் மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து பிரிந்து தனி நாடானது. 1835 அக்டோபரில் மெக்சிகோவை எதிர்த்துக் கிளம்பிய டெக்சாஸ் குடியேறிகள் பிடித்தார்கள், டிசம்பர் 20 அன்று அந்த மாதா கோயிலிலேயே ஒரு சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்து அங்கே டெக்சாஸ் படைக்குத் தலைமை வகித்தவர் கர்னல் ஃபானின். பின்வாங்கு என்று உத்தரவு வந்தும் நாளைக் கடத்தி, கடைசியில் மாட்டு வண்டிகளில் பீரங்கியை ஏற்றிக்கொண்டு கிளம்பி, கோலெட்டோ அருகே வெட்டவெளியில் மாட்டிக்கொண்டார். சரணடைந்தவர்களை இதே கோட்டையில் அடைத்தார்கள். மெக்சிகோ தளபதி சாந்தா அன்னாவின் உத்தரவுப்படி 1836 மார்ச் 27, குருத்து ஞாயிறு அன்று, மூன்று வரிசையாக வெளியே நடத்திப் போய்ச் சுட்டார்கள். சுமார் 340 பேர். 28 பேர் தப்பினார்கள். ஃபானினைக் கோட்டைக்குள்ளேயே சுட்டார்கள். பிரான்சிதா அலவெஸ் என்ற மெக்சிகோப் பெண்மணி சிலரைக் காப்பாற்றினார். 'கோலியாட்டின் தேவதை' என்பது அவரைத்தான்.

சிறை என்று ஒரு பொருள் உண்டு என்றார் தட்டான்பூச்சி. அந்த ஒரு வாரம் அந்தச் சொல் அப்படியே பொருந்தியது.

ஊர்ப் பெயரையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. லா பாஹியா 1829-ல் கோலியாட் ஆனது. மெக்சிகோ விடுதலைக்கு மணி அடித்த பாதிரியார் ஹிடால்கோவின் பெயரில் ஸ்பானிஷில் ஒலிக்காத 'ஹெச்' எழுத்தை எடுத்துவிட்டு, மற்ற எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் கோலியாட். யோசனை சொன்னவர் அந்தக் கோட்டைக்கே தளபதியாக இருந்த ரஃபேல் மஞ்சோலா. அதே வருஷம் மார்ச்சில், கோட்டைக்குப் பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தைதான் இக்னாசியோ சரகோசா. 1862 மே 5 அன்று பூயெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தவர். மே 5 விழாவில் டாக்கோ சாப்பிடுகிறவர்கள் அவரையும் ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

#14 ஹூஸ்டன்வாசி

அந்த வீட்டைப் பார்த்தோம்! கோட்டையிலிருந்து நடக்கும் தூரம். இன்னொரு கேள்வி: நாங்கள் தொட்டுப் பார்த்த மதில் 1700-களின் மதில்தானா? ரொம்பப் புதிதாக இருப்பதுபோல் தோன்றியது.

#15 கரிசல்காடு

உங்கள் கண் ஏமாற்றவில்லை. கோயில் மட்டும்தான் பெரும்பாலும் பழையது, அதில் வழிபாடு நடந்துகொண்டே இருந்ததால் தப்பித்தது. மதில், சிப்பாய் அறைகள், கொத்தளங்கள் எல்லாம் இடிந்து கற்குவியலாகக் கிடந்தவை. 1963-லிருந்து 1967 வரை, அந்தப் பகுதியின் ஓகானர் குடும்பத்து அறக்கட்டளைப் பணத்தில் ரெய்ஃபர்டு ஸ்ட்ரிப்ளிங் என்ற கட்டடக் கலைஞர் தோண்டிப் பார்த்து, பழைய அடித்தளத்தின் மேலேயே எழுப்பினார். 1836-ல் ஃபானின் படையில் இருந்த சாட்விக் என்பவர் வரைந்த வரைபடம் அதற்குக் கைகொடுத்தது. அவரும் அன்றைக்குச் சுடப்பட்டவர்களில் ஒருவர்.

கோயில் வாசலுக்கு மேலே மாடத்தில் ஒரு மாதா சிலை பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தவர் லிங்கன் போர்க்லம். ரஷ்மோர் மலையில் ஜனாதிபதி முகங்களைச் செதுக்கிய போர்க்லமின் மகன். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரோவியம் 1946-ல் அந்தோனியோ கார்சியா வரைந்தது.

அக்கரை மிஷனும் மறுகட்டுமானம்தான், 1930-களில் வேலையில்லாத இளைஞர்களை வைத்துக் கட்டியது. ஆனாலும் நன்றாகவே கட்டினார்கள். சான் சாபா கோட்டையையும் அதே காலத்தில் கட்டினார்கள். அது சரியாகக் கட்டாததால் திரும்ப இடிந்துவிட்டது. இப்போது மெனார்டு ஊரில் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில், இடிபாட்டின் மேல் இடிபாடாக நிற்கிறது.

#16 சும்மாதான்

கோலியாட் கோட்டைக்குள் இரவு தங்கலாம் என்று யாரோ சொன்னார்களே?

#17 ஹூஸ்டன்வாசி

ஆமாம், முன்பு பாதிரியார் இருந்த அறைகளை வாடகைக்கு விடுவதுண்டு. சாயங்காலம் வாசலைப் பூட்டியதும் மதிலுக்குள் நீங்கள் மட்டும்தான். கேட்டதும் என் மனைவி கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

#18 தட்டான்பூச்சி

எல்லோரும் மாடு, பீரங்கி, கட்டடம் என்று பேசிவிட்டீர்கள். கயிறு வீசிய அரனாமா மக்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

1722-லிருந்து மிஷன் நிலங்கள் பங்கு போடப்பட்ட 1830-கள் வரை கணக்கு வைத்தால் நூறு வருஷத்துக்கு மேல். எத்தனை ஞானஸ்நானம், எத்தனை கல்யாணம், எத்தனை மாடு என்றெல்லாம் துறவிகள் எழுதினார்கள். அந்த மக்களின் மொழியில் நமக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு தெரியுமா? ஒரு சொல்லும், ஒரு சின்ன வாக்கியமும். அதையும் எந்த அரனாமாவும் சொல்லவில்லை. 1884-ல் கேட்ஷெட் என்ற மொழியியலாளரிடம் டொங்காவா இனத்தைச் சேர்ந்த ஒரு கிழவர் நினைவிலிருந்து சொன்னது. 'ஹிமியானா' என்றால் தண்ணீர். 'ஹிமியானா சாயி' என்றால் 'தண்ணீர் கொடு'.

கரன்காவா மொழியில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. சின்ன வயதில் கடற்கரையில் அவர்களோடு பழகிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, தன் முதுமையில் நினைவுக்கு வந்த சொற்களைச் சொல்ல, அதே கேட்ஷெட் எழுதிக்கொண்டார். அந்த மக்கள் 1858-ல் அழிந்துவிட்டதாகப் பாடப்புத்தகம் சொல்லும். இன்று டெக்சாஸில் தங்களைக் கரன்காவா வழியினர் என்று சொல்லும் சிலர் ஒன்று சேர்ந்து, அந்தச் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு மொழியைத் திரும்பப் பேசப் பார்க்கிறார்கள்.

அரனாமாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

#19 கரிசல்காடு

இது எனக்குத் தெரியாது. மாட்டுக் கணக்கு மட்டும் தலைகீழாகத் தெரியும்.

#20 ஹூஸ்டன்வாசி

மகளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "இதை எங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்?" என்று கேட்கிறாள். யாருக்காவது தெரியுமா, தட்டான்பூச்சி?

வசந்தத்தில் திரும்பப் போகிறோம். போன தடவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவை காலையில் முதலில் மிஷன் பக்கம், கோட்டை அப்புறம். டாலஸ், ஆஸ்டின் பக்கத்திலிருந்து யாராவது வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.